பர்மாவில் சிறைக்குப் போன இரண்டு நிருபர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாமா?

பள்ளத்தூர் வளவு:

வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் சனிக்கிழமை சாயங்காலம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாசிப்போம். ஏழாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிறவர்கள், பதினைந்து பேருக்குக் குறையாமல் வருவார்கள். தூணுக்கு ஒன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு. எங்கள் ஐயா (தாத்தா) அங்கே ப்ரோம் என்ற ஊரில் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழிலுக்கு, போயிருந்தவர். அதனால் பர்மா என்றால் இந்த வீட்டில் ஏதோ வெளிநாடு இல்லை.

மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அந்த வாரம் வா லோன், கியாவ் சோ ஊ என்ற இரண்டு பர்மா நிருபர்களைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். இருவரும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ரக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள் அல்லவா, அப்போது அங்கே இன் டின் என்ற கடலோரக் கிராமத்தில் செப்டம்பர் 2ஆம் தேதி பத்து ஆண்களைக் கொன்று ஒரே குழியில் புதைத்ததை இவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். மீன் பிடிக்கிறவர்கள், கடைக்காரர்கள், மார்க்கப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத பையன்கள் இருவர். இரண்டு பேரைப் பக்கத்து பௌத்த கிராமத்து ஆட்களே வெட்டினார்கள், மற்றவர்களை ராணுவத்தார் சுட்டார்கள்.

எழுதி முடிக்கிறதுக்குள் டிசம்பர் 12ஆம் தேதி ராத்திரி இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். 2018 செப்டம்பர் 3இல் ஏழு வருஷம் தண்டனை. வா லோனுக்கு முதல் குழந்தை பிறந்தது அதற்குச் சில வாரம் முன்னால், அப்பா சிறையில் இருக்கும்போது.

இதில் என் மனசைப் பிடித்து இழுத்தது ஒரு படம். அந்தப் பத்துப் பேரும் வரிசையாக மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், கைகள் பின்னால். பின்னாலேயே துப்பாக்கியோடு ஆட்கள். கொல்லுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தது. இதை நிருபர்களிடம் கொடுத்தவர் அந்த ஊர் பௌத்தப் பெரியவர் ஒருவர். நடந்தது வெளியே தெரிய வேண்டும், இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாராம். நிருபர்கள் இரண்டு பேரும் பௌத்தர்கள்தான். கியாவ் சோ ஊ அதே ரக்கைன் இனத்தவர். தன் ஆட்களுக்கு எதிராக எழுதுகிறான் என்ற பேச்சு வரும் என்று தெரிந்தும் போயிருக்கிறார்.

சங்கடம் எங்கே என்றால் வீட்டுக்குள். என் பெரியப்பச்சிக்கு (அப்பாவின் அண்ணன்) எண்பத்தாறு வயது. விஷயத்தைச் சொன்னதும், “நம்மை விரட்டிவிட்ட நாடு. நம் நிலத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டான். அங்கே எவன் எவனைக் கொன்றால் நமக்கு என்ன ஆத்தா? பிள்ளைகளுக்கு வேறு நல்லது சொல்லிக்கொடு” என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: இவர்கள் சட்டப்படி செய்த குற்றம்தான் என்ன? பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதை எந்த அளவுக்குச் சொல்லலாம்? பெரியப்பச்சிக்கு நான் என்ன சொல்ல?

தேவகோட்டை வக்கீல்:

ஆச்சி, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அது என் தொழில்.

அவர்கள் மீது போட்டது 1923ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம். வருஷத்தைக் கவனியுங்கள். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம், 1937 ஏப்ரலில்தான் தனியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு என்று வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான் அங்கேயும் செல்லுபடியானது. அவன் போன பிறகும் இரண்டு நாட்டிலும் அது நிற்கிறது. நம் ஊர் நீதிமன்றத்தில் நான் எடுத்துப் படிக்கிற சட்டப் புத்தகத்தில் இருப்பதும் அதே 1923தான். அங்கே இவர்கள் மீது போட்ட பிரிவுக்கு அதிகபட்சம் 14 வருஷம். கொடுத்தது 7.

குற்றம் என்னவென்றால் ரகசிய ஆவணம் கையில் இருந்தது என்பது. அது எப்படிக் கைக்கு வந்தது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. யாங்கோனில் ஓர் உணவகத்துக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வரச்சொல்லி, சாப்பிட்டு முடித்ததும் சுருட்டிய காகிதங்களைக் கையில் திணித்தார்கள். வெளியே வந்ததும் பிடித்துவிட்டார்கள். நிருபர்கள் சொன்னது இது. அரசுத் தரப்பு சொன்னது, சாலையில் சாதாரணச் சோதனையில் பிடித்தோம், இவர்கள் யார் என்றே தெரியாது என்று. கைது செய்தபோது எழுதிய குறிப்பை எரித்துவிட்டேன் என்று ஒரு போலீஸ் சாட்சியே கூண்டில் சொன்னார். அந்தக் காகிதத்தில் இருந்த விவரம் ஏற்கெனவே பத்திரிகையில் வந்ததுதான் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் காட்டினார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாகக் குறுக்கு விசாரணை செய்கிறவன். இத்தனையும் கிடைத்த பிறகு ஒரு வழக்கு நிற்கிறது என்றால் அதை நிறுத்துவது சாட்சியம் இல்லை.

அப்புறம், உங்கள் பிள்ளைகளிடம் இன்னொரு மனிதரைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். மோ யான் நைங் என்ற போலீஸ் கேப்டன். 2018 ஏப்ரல் 20ஆம் தேதி அரசுத் தரப்புச் சாட்சியாகவே கூண்டில் ஏறினார். ஏறி, வா லோனைச் சிக்க வைக்கச் சொல்லி மேலதிகாரி உத்தரவு போட்டார் என்று சொல்லிவிட்டார். தன் தரப்பு கூட்டி வந்த சாட்சி மாறிப் பேசினால் எந்த நீதிமன்றத்திலும் ஒரு நிமிஷம் சத்தம் அடங்கிவிடும், அதை நான் பார்த்திருக்கிறேன். போலீஸ் ஒழுங்கை மீறினார் என்று அவருக்கு ஒரு வருஷம் சிறை. சாட்சி சொன்ன மறுநாளே அவர் மனைவி பிள்ளைகளைப் போலீஸ் குடியிருப்பிலிருந்து வெளியேற்றினார்கள்.

இன்னும் ஒரு கணக்கு. அந்தப் பத்துப் பேரைக் கொன்றதற்காக ஏழு ராணுவத்தாருக்குப் பத்து வருஷக் கடுங்காவல் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு வருஷம்கூட உள்ளே இல்லை, 2018 நவம்பரிலேயே விட்டுவிட்டார்கள். கொலையைக் கண்டுபிடித்தவர்கள் 500 நாளுக்கு மேல் இருந்தார்கள். 2019 ஏப்ரல் 23இல் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்து, கடைசியில் மே 7ஆம் தேதி ஜனாதிபதியின் பொது மன்னிப்பில், 6,520 கைதிகளோடு சேர்த்துத்தான் இன்செய்ன் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மன்னிப்பு என்றால் தீர்ப்பு தப்பு என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வக்கீலாக எனக்கு அது இன்னமும் ஆறவில்லை.

செக்காலை வாசகர்:

நான் மாற்றுக் கருத்துதான் சொல்லப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரோஹிங்கியா பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரு பக்கத்தை மட்டும் பேசுகிறார்கள். 2017 ஆகஸ்ட் 25ஆம் தேதி முதலில் காவல் சாவடிகளைத் தாக்கியது அவர்களுடைய ஆயுதக் குழு. அதே நாள் அதே ரக்கைனில் ஹிந்துக் கிராமத்து ஆட்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அந்தக் குழு கொன்றது. ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பே 2018 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. 99 பேர் வரை இருக்கலாம் என்று அதில் இருக்கிறது. பிள்ளைகளிடம் பேசினால் இதையும் பேசுவீர்களா?

பள்ளத்தூர் வளவு:

பேசுவேன். நீங்கள் கேட்டது நல்லது, நான் குறித்து வைத்திருந்த தாளில் அது இல்லை, இப்போது எழுதிக்கொண்டேன். அந்தக் கிராமங்களில் செத்தவர்களுக்கும் யாரோ நேரில் போய், தப்பி வந்தவர்களைக் கேட்டு, எழுதினதால்தான் உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது.

ஆனால் இன் டின் பத்துப் பேருக்கும் அந்தக் குழுவுக்கும் தொடர்பு இருந்ததாகக் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. ராணுவம் அவர்களைத் தீவிரவாதிகள் என்றது. அந்தக் கிராமத்து பௌத்தர்களையே கேட்டு எழுதின செய்தியில், அங்கே அப்படிப் பெரிய தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்று இருக்கிறது. ஒருவன் செய்த கொலைக்கு அவன் மதத்தைச் சேர்ந்த மீன்காரனைப் பிடித்து மண்டி போட வைப்பதை என்னால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை அண்ணே.

பர்மா காலனி:

ஆச்சி, நான் காரைக்குடி பர்மா காலனி. எங்கள் அம்மா மௌல்மீனில் பிறந்து, 1965இல் கப்பலில் வந்தவர். கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வந்த கூட்டம். கழுத்தில் கிடந்தது, காதில் கிடந்தது எதையும் கொண்டுவர விடவில்லை. அம்மாவுக்குப் பதினேழு வயது. இங்கே வந்து முதலில் விற்றது அத்தோ. இன்றைக்கும் சாயங்காலம் வண்டி போடுகிறோம்.

உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வா லோன் சின்ன வயதில் மௌல்மீனுக்கு வந்து, உறவினர் ஒருவர் துறவியாக இருந்த மடத்தில் தங்கியிருந்தவர் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து அதையும் சொன்னேன். எந்த மடம் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? மேட்டு மேல் இருக்கிற மடமா, ஆற்றுப் பக்கமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்து, வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒன்று சொன்னார்.

அங்கே எங்களைக் கூப்பிடுகிற சொல் ‘கலா’. இந்தியாவிலிருந்து வந்த எல்லோருக்கும் அந்தச் சொல்தான். தமிழனா தெலுங்கனா, ஹிந்துவா முஸ்லிமா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் நட என்று பாட்டி சொல்லிக்கொடுத்திருந்தாராம். ரோஹிங்கியா ஆட்களைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். அம்மா சொன்னது இது: “அவங்களுக்குக் கப்பல் வரல. எங்களுக்கு வந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

வெளிநாட்டவர் பதிவு அட்டை என்று ஒன்று அம்மாவிடம் இருந்தது. அங்கேயே பிறந்தவருக்கு வெளிநாட்டவர் அட்டை. அது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, படத்தில் இரட்டை ஜடை. 1982இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, 1823க்கு முன்னாலிருந்தே அங்கே இருந்த இனங்களுக்குத்தான் முழுக் குடியுரிமை என்று வைத்துக்கொண்டார்கள். அரசாங்கப் பட்டியலில் 135 இனம், அதில் ரோஹிங்கியா இல்லை. பிறகு அவர்கள் கையில் தற்காலிக அடையாளமாக இருந்த வெள்ளை அட்டையையும் 2015இல் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் இன்னமும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அட்டை என்ன கலர் என்பது அவர்கள் வீட்டில் கல்யாணப் பேச்சில்கூட வருகிற விஷயம்.

பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்களே. வெட்டினதையும் சுட்டதையும் விவரிக்க வேண்டாம். அம்மாவின் அட்டையை நான் கொண்டுவருகிறேன். கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

பள்ளத்தூர் வளவு:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அட்டையை மட்டுமல்ல, அம்மாவையும் கூட்டி வாருங்கள். வண்டி ஏற்பாடு நான் செய்கிறேன்.

நேற்று ராத்திரி நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாப்பிட்ட பிறகு பெரியப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் அண்ணன் எழுதினதை வாசித்தேன். போலீஸ் கேப்டன் குடும்பத்தை வெளியேற்றின இடத்தில் ‘ச்சு’ என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. சரி, நிலம் போனது பற்றியே பேசுவோம் என்று நானே ஆரம்பித்தேன். 1930இல் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் வட்டித் தொழில் செய்த நம் செட்டியார் ஆட்கள் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938க்குள் அது 25 பங்கு ஆகிவிட்டது. நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாமல் அந்த ஊர்ச் சம்சாரி நிலத்தை விட்டுவிட்டுப் போனதால் வந்தது. அவனுக்கு நம் மேல் கோபம் இருந்திருக்கும் அல்லவா என்று கேட்டேன். “இருந்திருக்கும். நாம் நிலம் கேட்டுப் போகவில்லை, பணம் திரும்பினால் போதும் என்றுதான் ஐயா சொல்வார். ஆனால் இருந்திருக்கும்” என்றார்.

அப்புறம் வரைபடத்தைக் காட்டினேன். சித்வே என்று போட்டிருந்த இடத்தைத் தொட்டு, கியாவ் சோ ஊ இந்த ஊர்க்காரர், முன்னால் இதற்கு அக்யாப் என்று பேர் என்றேன்.

பெரியப்பச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். அக்யாபா என்றார். சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போய், பெட்டகத்தைத் திறந்து, துணியில் சுற்றிய ஐயாவின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அது இருப்பது எனக்குத் தெரியும், திறந்து பார்த்ததில்லை.

1942இல் ஐயா நடந்துதான் வந்தார். ப்ரோமிலிருந்து தவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் (இப்போதைய ரக்கைன்), அங்கிருந்து படகில் அக்யாப், மயூ ஆற்றில் புத்திடாங், மலையைத் தாண்டி மங்டோ, கடைசியில் நாஃப் ஆற்றைக் கடந்து வங்காளக் கரை. கிட்டங்கியில் (ஐயாவின் தொழில் இடம்) வேலை பார்த்த உதவியாள் ஒருவர் வழியிலேயே வயிற்றுப்போக்கில் இறந்துபோனார். இவ்வளவும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது புத்தகத்தில் இருந்தது. மேலே உ, சிவமயம். விஷு வருஷம் மாசி மாதம். ஐயாவுடைய சின்னச் சின்ன எழுத்து, தமிழ் எண்கள், மை பழுப்பாகிவிட்டது. பெரியப்பச்சி விரலை வைத்து வாசித்தார்: “மங்டோ படகுக்கார பாய், ஆறு கடக்கக் கூலி, பாக்கி ரூ. 3.”

கையில் இருந்த பணம் கணவாயிலேயே தீர்ந்துவிட்டதாம். அந்தப் பாய் கூலி வாங்காமல் இறக்கிவிட்டிருக்கிறார். ஐயா இனாம் என்று எழுதவில்லை, பாக்கி என்று எழுதியிருக்கிறார். அடுத்த புத்தகத்தைத் திறந்தார், அதிலும் இருக்கிறது. வருஷா வருஷம் ஐந்தொகை (வரவு செலவு முடிப்புக் கணக்கு) எடுக்கும்போது கொடுக்க வேண்டிய பக்கத்தில் அதே மூன்று ரூபாய். 1971இல் ஐயா தவறும் வரைக்கும் அந்த வரி வருகிறது. பேர் கேட்டு எழுதிக்கொள்ளாமல் வந்துவிட்டேனே என்று ஐயா பலமுறை சொல்லி வருத்தப்பட்டதாகப் பெரியப்பச்சி சொன்னார்.

இன் டின் மங்டோவுக்குத் தெற்கே, அதே கரைதான் என்று வரைபடத்தில் காட்டினேன். 2017இல் அந்த ஜனங்கள் ஓடினபோது கடந்ததும் அந்த நாஃப் ஆறுதான். பெரியப்பச்சி ரொம்ப நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படகுக்காரர் குடும்பம் ஓடினவர்களில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை நான் சொல்ல மாட்டேன். அவரும் கேட்கவில்லை.

படுக்கப் போகும்போது, “அந்தப் பத்துப் பேருடைய பேரும் அந்தப் பையன்கள் எழுதினதில் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, வயதோடு இருக்கிறது என்றேன். யாங்கோன் சிறையில் அடைத்த பிறகும் மற்ற நிருபர்கள் வேலையை முடித்து 2018 பிப்ரவரி 8இல் செய்தியை வெளியிட்டார்கள், அடுத்த வருஷம் பத்திரிகைத் துறையின் பெரிய பரிசான புலிட்சர் பரிசு கிடைத்தது என்று சொன்னேன். பரிசைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேர் இருக்கிறது என்றதற்கு மட்டும் தலையை ஆட்டினார்.

காலையில் காபி கொடுக்கும்போது, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார். நாலரைக்கு என்றேன். கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது, நானே பிடித்துக்கொண்டு காட்டுகிறேன் என்றிருக்கிறார்.

தேவகோட்டை வக்கீல்:

நானும் வருகிறேன் ஆச்சி. 1923 சட்டத்தைக் கையோடு கொண்டுவருகிறேன், அதையும் பார்க்கட்டும்.

பள்ளத்தூர் வளவு:

வாருங்கள் அண்ணே. செக்காலை அண்ணனும் வர வேண்டும், அந்த ஹிந்துக் கிராமங்களைப் பற்றி அவரே சொல்லட்டும்.

ஓர் உதவி. என்னிடம் இருக்கிற வரைபடத்தில் எல்லாம் புதுப் பெயர்கள். அக்யாப், ப்ரோம், மௌல்மீன் என்று பழைய பெயர் போட்ட பர்மா வரைபடம் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு நாள் இரவல் போதும்.